அடைக்கலம் டிரா

பதினெட்டாவது மூவ் முடிவதற்குள் ஷெர்லின் மூன்றாவது தடவையாக எழுந்துவிட்டாள்.

எதிரே இருந்த பையன் அவளைப் பார்த்தான். அவள் விட்டுப்போன நாற்காலியைப் பார்த்தான். பிறகு கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டான்.

ஷெர்லின் அதையெல்லாம் கவனிக்கவில்லை. தில்லைநகர் செஸ் கிளப் முதல் மாடியில் இருந்தது. பாத்ரூம் கீழே இருந்தது. நடுவில் பதினாலு படி. முதல் தடவை நடந்து இறங்கினாள். இரண்டாம் தடவை ஓடி இறங்கினாள். இந்தத் தடவை எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

திரும்பி வந்தபோது நடுவர் இளவேனில் மேடம் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஷெர்லின், பாக்கெட்ல என்ன இருக்கு?"

"கர்ச்சீப் மேடம்."

"வெளிய எடும்மா."

கர்ச்சீப் வந்தது. ஒரு ஜெபமாலை வந்தது. மெயின்கார்டு கேட்டிலிருந்து என்றைக்கோ வந்த பழைய பஸ் டிக்கெட் வந்தது.

"போன் எங்க?"

"அப்பாகிட்ட மேடம். கீழ வண்டியில உக்காந்திருக்காங்க."

"நாப்பது நிமிஷத்துல மூணு தடவை எந்திரிச்சுப் போயிருக்கே. தம்பி கம்ப்ளைண்ட் பண்றான்."

"ஒவ்வொரு தடவை போயிட்டு வந்த உடனேயும் நல்ல மூவா வைக்கிறாங்க மேடம்," என்றான் பையன்.

அது உண்மைதான். போய்விட்டு வந்த பிறகுதான் ஷெர்லினின் மூளை மறுபடி மூளையாக வேலை செய்யும். ஆனால் அதை எப்படிச் சொல்வது? பத்து மேஜைகளிலிருந்து இருபது தலைகள் திரும்பியிருந்தன. பதினேழு வயதில், இருபது தலைகளுக்கு நடுவில், ஒரு பெண் சொல்லக்கூடிய விஷயமா அது?

"தலைவலி மேடம். முகம் கழுவப் போனேன்."

"மூணு தடவையா?"

"பெரிய தலைவலி மேடம்."

இளவேனில் மேடம் நல்லவர். தலைவலிக்கு மாத்திரை ஒன்று கொடுத்தார். கூடவே ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்து, முழுவதையும் தன் கண் முன்னால் குடிக்க வைத்தார். அதற்குப் பிறகு, வரவு எழுதும் சுஜா அக்காவைக் கூப்பிட்டு, "இனிமே இந்தப் பொண்ணு எந்திரிச்சா நீயும் கூடப் போ," என்றார்.

அந்த ஒரு டம்ளர் தண்ணீர் இருபத்தோராவது மூவில் வேலையைக் காட்டியது. சுஜா அக்கா கதவுக்கு வெளியே காவல் நின்றாள்.

"ஷெர்லின், உள்ள சத்தமே காணோம்?"

"நீங்க நிக்கிறீங்கள்லக்கா. வரமாட்டேங்குது."

"எது வரமாட்டேங்குது? சிக்னலா?"

ஷெர்லின் தோற்றுப்போனாள். கை கொடுத்துவிட்டு எழுந்தபோது, வழக்கம்போல அவள் கண் முதல் மேஜைக்குப் போனது.

முதல் மேஜையில் அடைக்கலம் சார் உட்கார்ந்திருந்தார்.

பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து ரிட்டயரானவர். எட்டு முழ வேட்டி, அரைக்கைச் சட்டை. ஆட்டம் தொடங்கும்போது உட்கார்ந்தால் முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். மூன்று மணி நேரமானாலும் சரி, நாலு மணி நேரமானாலும் சரி. ஒருமுறை ஹாலில் பாம்பு வந்துவிட்டது என்று எல்லோரும் மேஜை மேல் ஏறியபோதுகூட அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தமாக வைத்து, மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தாராம். பாம்பு அவர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனதாம். கிளப்பின் வெள்ளிவிழா மலரில் அவர் போட்டோவுக்குக் கீழே 'எழுந்திருக்காதவர்' என்றே அச்சடித்திருந்தார்கள்.

அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. ஜெயித்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தில், எதிராளி நொந்து நூலாகிக் கிடக்கும்போது, அவர் திடீரென்று கண்ணைத் திறந்து "டிரா?" என்பார். கிளப்பில் அதற்கு 'அடைக்கலம் டிரா' என்று பெயர். ஏன் அப்படிச் செய்கிறார் என்று பதினைந்து வருஷமாக ஆராய்ச்சி நடக்கிறது.

"ஜெயிச்சுட்டா எதிராளி ஏன் தோத்தோம்னு கத்துக்குவான்," என்பார் கிளப் செயலாளர் காஜா மைதீன். "டிரா குடுத்துட்டா ஏன் குடுத்தான்னு குழம்பிட்டே கெடப்பான். அடுத்த ஆட்டத்துல அடி. அதான் அவரு கணக்கு."

ஷெர்லினிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் அவர் டிரா கேட்ட ஆட்டங்களையெல்லாம் எழுதி வைத்திருந்தாள். மூவ் 23, ஒரு குதிரை கூடுதல், டிரா. மூவ் 31, இரண்டு சிப்பாய் கூடுதல், டிரா. மூவ் 19, ஒரு யானையே கூடுதல், டிரா. எவ்வளவு பார்த்தாலும் சூத்திரம் பிடிபடவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு குறிப்பும் இருந்தது. சாரின் மனைவி அழகம்மாள் எல்லாப் போட்டிக்கும் கூடவே வருவார். வராந்தாவில் ஒயர்கூடையோடு உட்கார்ந்திருப்பார். கூடைக்குள் மடித்த வேட்டி ஒன்று எப்போதும் இருக்கும். சார் தோற்கிற அன்று மட்டும் அந்த வேட்டிக்கு மாறிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். தோல்வியை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறார் என்று கிளப்பில் சொல்வார்கள். அதைக் கேட்ட அன்று ஷெர்லினுக்கு உடம்பு சிலிர்த்தது.

*

அன்று ராத்திரி நாலாவது தடவை அவள் பாத்ரூமிலிருந்து வந்தபோது ஹாலில் லைட் எரிந்தது. அம்மா ரோசம்மாள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி, நீ தூங்குறியா, இல்ல பாத்ரூம்ல குடியிருக்கியா?"

ஷெர்லின் வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழக்கூடாது என்று நினைத்தாள். அதுவும் அவசரமாகத்தான் வந்தது.

"நான் ஏமாத்தி ஆடுறேன்னு நினைக்கிறாங்கம்மா. போன் வச்சிருக்கேன்னு. சோதனை போட்டாங்க. அடக்கவே முடியலம்மா. வருதுன்னு தெரியறதுக்குள்ள வந்துடுது. ரெண்டு மாசத்துல செலக்ஷன். இப்படியே போனா என்னை ஆடவே விட மாட்டாங்க. எனக்குப் பயமாயிருக்கு."

ரோசம்மாள் மகளின் தலையைத் தடவினாள். பிறகு, "உடம்புச் சூடுதான்," என்று தீர்ப்பு சொன்னாள்.

மறுநாளிலிருந்து சூட்டைத் தணிக்கும் வேலை தொடங்கியது. காலையில் இளநீர். பத்து மணிக்கு மோர். மத்தியானம் தர்பூசணி. சாயங்காலம் பார்லித் தண்ணீர். மூன்றாம் நாள் கெமிஸ்ட்ரி வகுப்பில் ஷெர்லின் ஒன்பது தடவை கையைத் தூக்கினாள். சார், "இவ்வளவு சந்தேகம் கேக்குற பொண்ணை நான் பாத்ததே இல்ல," என்று சந்தோஷப்பட்டு, அவளைப் பேசவே விடாமல் பாடத்தை முதலிலிருந்து மறுபடி நடத்தினார்.

அதற்குப் பிறகுதான் அப்பா ஜூட் அவளை டாக்டர் ஸஹ்ராவிடம் அழைத்துக்கொண்டு போனார்.

டாக்டர் ஸஹ்ரா முதலில் யூரின் டெஸ்ட், சுகர், ஸ்கேன் எல்லாம் எடுக்கச் சொன்னார். எதிலும் கோளாறு இல்லை. பிறகு, எப்போது எவ்வளவு குடித்தாள், எப்போது எவ்வளவு போனாள் என்று மூன்று நாள் அளந்து எழுதி வரச் சொன்னார். ஷெர்லினுக்கு எழுதத் தெரிந்த முறை ஒன்றுதான். செஸ் ஸ்கோர் ஷீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

டாக்டர் அதை ரொம்ப நேரம் படித்தார்.

"இருபத்தஞ்சு வருஷத்துல இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிக் குடுத்ததில்ல. ஆனா சில எடத்துல ஆச்சரியக்குறி போட்டிருக்கியே, அது என்ன?"

"அது நல்ல மூவ் டாக்டர். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டேன்னு அர்த்தம்."

"இங்க ரெண்டு கேள்விக்குறி?"

ஷெர்லின் தரையைப் பார்த்தாள்.

"சரி, புரியுது," என்றார் டாக்டர். சிரிக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே ஷெர்லின் அவர் சொல்வதையெல்லாம் கேட்பது என்று முடிவெடுத்தாள்.

"இதுக்குப் பேரு ஓவர்ஆக்டிவ் பிளாடர். உன் பை நல்ல பைதான்மா. மணியடிக்கிற ஆளுதான் அவசரக்காரன். பை பாதி நெறையறதுக்குள்ள ஸ்கூல் விட்டாச்சுன்னு மணியடிச்சுடறான். அவனை நாம பழக்கணும். மணியடிச்ச உடனே ஓடக்கூடாது. ஓடினா அவன் ஜெயிச்சுடுவான். அப்படியே உக்காரணும். பாதத்தைத் தரையில ஊனிக்கணும். கீழ தசையை அஞ்சாறு தடவை இறுக்கி இறுக்கி விடணும். கண்ணை மூடி மனசை வேற எடத்துல வைக்கணும். அலை மாதிரி வரும், போயிடும். போனப்புறம் நடந்து போ."

"காபி, டீ?" என்று கேட்டார் அப்பா.

"வேணாம். கோலாவும் வேணாம். அதெல்லாம் மணியடிக்கிறவனுக்கு லஞ்சம் குடுக்கிற மாதிரி."

"மாத்திரை இல்லையா டாக்டர்?" என்றாள் ஷெர்லின். "செலக்ஷனுக்கு ஏழு வாரம்தான் இருக்கு."

"இருக்கு. பயிற்சியோட சேத்துத்தான். ஒரு வகை, பையோட துடிப்பை அடக்கும். ஆனா வாய் வறளும், மலச்சிக்கல் வரும், சில பேருக்குக் கிட்டப் பார்வை மங்கும், தூக்கம் வரும். இன்னொரு வகை, பையைத் தளர்த்தி விடும். அதுல வாய் அவ்வளவா வறளாது. பிரஷர் ஏறுதான்னு பாத்துக்கணும்."

"ரெண்டுமே ஒத்துக்கலன்னா?"

"பெரியவங்களுக்குப் பைக்குள்ள ஊசி போடுவோம். சினிமாக்காரங்க முகச்சுருக்கத்துக்குப் போட்டுக்கறாங்களே, அதே மருந்து. சில பேருக்கு அப்புறம் தானா வராமலே போயிடும், டியூப் போட வேண்டியிருக்கும். உனக்கு அதைப் பத்தி இப்பப் பேச்சே இல்ல."

எழுந்திருக்கும்போது டாக்டர் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். "நடுவர்கிட்ட இதைக் குடு. அடிக்கடி போக வேண்டிய பிரச்சனை இருக்குன்னு எழுதியிருக்கேன். யாரும் உன்னைச் சந்தேகப்பட மாட்டாங்க."

வெளியே வந்ததும் ஷெர்லின் அந்தக் கடிதத்தை அப்பாவின் சட்டைப் பைக்குள் திணித்தாள்.

"குடுக்கக் கூடாதுப்பா. அந்த லெட்டரைப் படிச்சா கிளப் முழுக்கத் தெரிஞ்சுடும். அடைக்கலம் சாருக்கும் தெரிஞ்சுடும். அவரு எப்படிப்பட்டவரு, நான் இப்படியிருக்கேன்."

ஜூட் ஒரு பெருமூச்சு விட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

*

முதல் மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்தது. மூன்று தடவை எழுந்தவள் இரண்டு தடவைதான் எழுந்தாள். ஆனால் வாய் சுண்ணாம்புச் சுவர் மாதிரி காய்ந்தது. காய்ந்த வாய்க்குத் தண்ணீர் குடித்தாள். குடித்த தண்ணீர் மூன்றாவது தடவையைத் திரும்பக் கொண்டுவந்தது.

தண்ணீரை நிறுத்திவிட்டு சுகர் இல்லாத சூயிங்கம் போட்டாள். எதிராளி சத்தம் கேட்கிறது என்று கையைத் தூக்கினான். சூயிங்கத்தைத் துப்பிவிட்டு ஏலக்காய் போட்டாள். எதிராளி பாயசம் ஞாபகம் வருகிறது என்று கையைத் தூக்கினான்.

இரண்டாம் வாரம் பக்கத்தில் இருப்பதெல்லாம் மங்கலாகத் தெரிந்தது. பிஷப்பும் சிப்பாயும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி நின்றன. பிஷப்பை எடுப்பதாக நினைத்துச் சிப்பாயைத் தொட்டுவிட்டாள். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது சட்டம். நகர்த்தினாள். நாலு மூவில் ராணி போனது.

வயிறு கல்லானது. அதைக் கேள்விப்பட்ட உடனே ஜூட் முசிறிக்குப் போன் போட்டார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பெரியப்பா ஒரு முழுப் பூவன் தாரோடு வந்து இறங்கினார்.

"புள்ளைக்கு மலச்சிக்கல்னியே. தினம் ஆறு சாப்பிட்டா சரியாப் போயிடும்," என்று தெருவெல்லாம் கேட்கும்படி சொன்னார். அந்தத் தெருவில் ஷெர்லினின் வகுப்பில் படிப்பவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அதில் அனிஷா என்பவள் சாயங்காலம் வந்து, "எங்க வீட்டுக்கும் ரெண்டு சீப்பு குடுடி. எங்கப்பாவுக்கும் அதேதான்," என்றாள்.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். இரண்டாவது வகையில் வாய் காயவில்லை. பார்வை தெளிந்தது. ஆனால் பிரஷர் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் ஜூட் ஒரு பிரஷர் மிஷின் வாங்கி வந்தார். ஷெர்லினுக்குப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. மிஷின் சரியாக இருக்கிறதா என்று ஜூட் தனக்குப் பார்த்தார். நூற்று எழுபது காட்டியது.

"மிஷின் ரிப்பேர்," என்றார்.

ரோசம்மாள் தனக்குப் பார்த்தாள். சரியாக இருந்தது. மறுபடி ஜூட்டுக்குப் பார்த்தாள். நூற்று எழுபத்தைந்து.

"மிஷின் சரியாத்தான் இருக்கு. நீங்கதான் ரிப்பேர்," என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேர் மாத்திரை சாப்பிட்டார்கள்.

ஆனால் ஆறாவது வாரம் ஷெர்லினுக்கு நம்பிக்கை வந்தது. மணியடிப்பவன் கொஞ்சம் அடங்கியிருந்தான். அலை வரும்போது பாதத்தை ஊன்றி, கண்ணை மூடி, அடைக்கலம் சார் முகத்தை நினைத்துக்கொண்டாள். பாம்பு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போவதை நினைத்தாள். அலை போய்விடும். முழு ஆட்டத்துக்கு ஒரு தடவை எழுந்தால் போதும் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

*

மாவட்டத் தேர்வுப் போட்டி ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மூன்று நாள், ஐந்து சுற்று. முதல் நான்கு பேருக்கு மாநிலப் போட்டி. இரண்டாம் நாள் முடிந்தபோது ஷெர்லின் நம்ப முடியாத இடத்தில் இருந்தாள். கடைசிச் சுற்றில் டிரா செய்து அரைப் புள்ளி எடுத்தாலே நான்காமிடம்.

பலகையில் ஜோடி ஒட்டினார்கள். கடைசிச் சுற்று: ஷெர்லின், எதிர் அடைக்கலம்.

"ஐயோ பாவம்," என்றாள் சுஜா அக்கா. அவள் இங்கேயும் வந்திருந்தாள். இளவேனில் மேடம்தான் இங்கேயும் நடுவர்.

மறுநாள் காலை, ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தபோது, மண்டபத்துக்கு எதிரே இருந்த காபிக் கடையில் ஷெர்லின் அவரைப் பார்த்தாள். தனியாக நின்று காபி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு அமைதி. ஒரு டம்ளர் முடிந்தது. இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்தார். இன்னொரு டம்ளர் வாங்கினார். அதைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனார்.

ஷெர்லினுக்குள் ஏதோ ஒன்று பளிச்சென்று எரிந்தது.

"அப்பா, ரெண்டு டம்ளர் காபி."

"டாக்டர் வேணாம்னாங்களேடா."

"அவரு ரெண்டு டம்ளர் குடிச்சாருப்பா. குடிச்சுட்டு இப்ப போய் மூணு மணி நேரம் அசையாம உக்காரப் போறாரு. நான் ஆறு வாரமா ஒரு சொட்டுகூடக் குடிக்கல, எனக்கு என்ன கெடைச்சுது? அந்த மனுஷன்கிட்ட ஏதோ இருக்குப்பா. இன்னிக்கு ஒரு நாள் அவரு மாதிரியே இருந்து பாக்குறேன்."

ஜூட்டும் அடைக்கலம் சாரின் ரசிகர்தான். வாங்கிக் கொடுத்தார். டிகிரி காபி தொண்டையில் இறங்கியபோது, தானும் அந்தக் கல் வம்சத்தில் சேர்ந்துவிட்டதாக ஷெர்லினுக்குத் தோன்றியது.

அந்த எண்ணம் ஒன்பதாவது மூவ் வரை இருந்தது.

முதல் அலை வந்தது. பாதத்தை ஊன்றினாள். இறுக்கினாள். கண்ணை மூடினாள். போனது. கண்ணைத் திறந்தபோது எதிரே அடைக்கலம் சாரும் கண்ணை மூடியிருந்தார். என்ன தியானம், என்று வியந்தாள்.

பதினாறாவது மூவில் இரண்டாவது அலை. பெரிய அலை. லால்குடியிலிருந்து வந்த ஒருவர் பக்கத்து மேஜையில் ஆட்டத்தை முடித்துவிட்டு இவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் கண்ணை மூடியே ஆடுறாங்கப்பா. இதான் ஆட்டம்," என்று கிசுகிசுத்தார். கூட்டம் சேர்ந்தது. காஜா மைதீன் போட்டோ எடுத்தார். கூட்டத்துக்கு முன்னால் சுஜா அக்கா, எழுந்தால் கூடவே ஓடுவதற்குத் தயாராக, செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு நின்றாள்.

இருபதாவது மூவில் ஷெர்லின் ஒரு யானையை இழந்தாள். அவள் போர்டைப் பார்க்கவேயில்லை என்பதுதான் காரணம். கதவு எத்தனை அடி தூரம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்து நாலாவது மூவில் மூன்றாவது அலை வந்தது. அதை அலை என்று சொல்ல முடியாது. கல்லணையைத் திறந்துவிட்ட மாதிரி.

எழுந்தால், கதவைத் தாண்டுவதற்குள் கதை முடிந்துவிடும். இத்தனை பேர் முன்னால் இரண்டு கேள்விக்குறி. உட்கார்ந்தே இருந்தால் ஆட்டம் முடிந்துவிடும். யானை இல்லை, ராஜா திறந்து கிடக்கிறான், மாநிலப் போட்டி இல்லை. டிரா கேட்கலாமா? யானையைக் கொடுத்துவிட்டு டிரா கேட்டால் ஊரே சிரிக்கும். மாதாவே, என்று உள்ளுக்குள் கூப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அது ஒன்றாவது அந்த வழியாக வருகிறதே என்றிருந்தது.

அடைக்கலம் சார் கண்ணைத் திறந்தார். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. யானையை எடுத்து ஒரு கட்டம் நகர்த்தினார். இன்னும் மூன்று மூவில் மேட். ஜெயித்தால் அவருக்குக் கோப்பை. டிரா என்றால் வெறும் மூன்றாமிடம். ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"டிரா?" என்றார்.

கூட்டம் அப்படியே அதிர்ந்தது.

"சரி சார்," என்றாள் ஷெர்லின். அவர் அந்தச் சொல்லை முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

கை கொடுத்தார்கள். ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அடைக்கலம் சார் தன் முழுப்பெயரையும் இனிஷியலோடு, அடிக்கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைத்துப் போடுபவர் என்பது ஊரறிந்த விஷயம். இன்று 'அடை' என்பதோடு பேனாவை வைத்துவிட்டார். தன் மேல் அவ்வளவு இரக்கம் என்று ஷெர்லின் நினைத்தாள். நினைத்துக்கொண்டே ஓடினாள். பின்னால் சுஜா அக்கா ஓடினாள்.

*

வெளியே வந்தபோது உலகம் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது.

வராந்தாவின் மறுகோடியில் ஆண்கள் பாத்ரூம். அதை நோக்கி அடைக்கலம் சார் போய்க்கொண்டிருந்தார். ஓடவில்லை. அடிமேல் அடி வைத்து, முழங்கால் பிரியாமல், தேர் நகர்கிற மாதிரி மெதுவாக. கோப்பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இப்படி நடக்க எத்தனை பேரால் முடியும்?

தூணுக்குப் பக்கத்தில் அழகம்மாள் ஒயர்கூடையோடு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் கோயில் குங்குமம் ஈரமாக இருந்தது. ஷெர்லின் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"ஆன்ட்டி, சார் பெரிய மனுஷன். ஜெயிக்கிற ஆட்டத்தை எனக்காக விட்டுக் குடுத்துட்டாரு. மூணே மூவ்ல நான் காலி. ஏன் டிரா கேட்டாருன்னே புரியல. அவரோட எல்லா ஆட்டத்தையும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். எந்த ஆட்டத்துல கேப்பாரு, எந்த ஆட்டத்துல கேக்க மாட்டாருன்னு எனக்குக் கண்டுபிடிக்கவே முடியல."

அழகம்மாள் பாத்ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு சாத்திக்கொண்டதும் ஒரு பெருமூச்சு விட்டு, கூடைக்குள் மேலே கிடந்த வேட்டியை மறுபடி அடியில் தள்ளி வைத்தார்.

"நான் கோயிலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள மனுஷன் காபிக் கடைக்குப் போயிருக்காரு. நீ பாத்தியாம்மா? எத்தனை டம்ளர்?"

"ரெண்டு ஆன்ட்டி."

"அதான். எந்திரிக்காதவர்னு புஸ்தகத்துல அச்சடிச்சுக் குடுத்துட்டாங்க, பேரைக் காப்பாத்தணுமாம்," என்றார் அழகம்மாள். "இதுக்கு நோட்டு எதுக்கும்மா? ஒரு டம்ளர்னா ஜெயிச்சுடுவாரு, ரெண்டு டம்ளர்னா டிரா கேப்பாரு, மூணு குடிச்சாருன்னாதான் இந்த வேட்டி."